மூடிய கடலுக்குள் நீ போன நாள்

இன்று 2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுபத்தொன்பது வயது, நான்கு மாதம், பதினொரு நாள். இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம், எனக்கு மறதி தொடங்கிவிட்டதாக என் மருத்துவர் கருதுவதுதான். தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் இந்த மடலுக்குத் தேவை வந்திருக்காது.

காலையில் பாண்டியம்மாள் உன் மஞ்சள் கொடியால் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது ஆண்டாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் அவளுக்கென்று தனிச் சட்டம் உண்டு.

"அதைக் கீழே வை" என்றேன்.

"பழந்துணிதானம்மா. இரும்புப் பெட்டிக்குள்ள கரப்பான் ஓடுச்சு, சுத்தம் பண்ணப்ப கெடச்சது. கரை கூட இல்லாத துணி. இதுக்கு இம்புட்டுக் கோவமா?"

"அது தம்பியுடைய கொடி."

"கொடியா? வெறும் மஞ்சளா இருக்கு, இது எந்தக் கட்சிம்மா?"

எந்தக் கட்சியும் இல்லை என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் எண்ணெய்க் கறை ஏறிவிட்டது. துவைத்தும் போகவில்லை. இப்போது மேசைமேல் ஈரமாகக் கிடக்கிறது.

இந்தக் கொடிக்கு நீ சொன்ன பொருள் நினைவிருக்கிறது. வேறு நாட்டுக் கடலுக்குள் நுழையும் படகு இதை ஏற்ற வேண்டும். 'நான் வெளியாள். இன்னும் உங்கள் அனுமதியைப் பெறவில்லை. பெறும்வரை கரையில் கால் வைக்க மாட்டேன்.' இத்தனையும் அந்த ஒரு முழத் துணி சொல்லுமாம். கடைகளில் கிடைத்ததெல்லாம் வெயிலில் வெளுக்கிறது என்று சின்னாளப்பட்டிக்குப் போய்ப் பருத்தியில் நெய்து தரச் சொன்னாய். "கரை போடாம, பூ போடாம மஞ்சத் துணியா? என்ன விசேசம்ங்க?" என்று நெசவாளர் கேட்டதற்கு, "ஊர் ஊராப் போயி வாசல்ல நிக்கிற விசேசம்" என்றாய். அவர் உன்னைச் சாமியார் ஆகப்போகிறவன் என்று முடிவுகட்டி, கூடுதலாக ஒரு துண்டும் நெய்து கொடுத்தார்.

முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் பொறியாளனாக இருந்தாய். மனைவியை இழந்த மறு ஆண்டில் ஓய்வு பெற்று, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் முப்பத்திரண்டு அடி நீளப் பழைய பாய்மரப் படகை வாங்கி, அதற்குச் 'சிறுமலை' என்று பெயர் வைத்தாய். குழாயில் வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் வரும் திண்டுக்கல்லில் பிறந்தவனுக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று உறவு முழுவதும் கேட்டது. "ஆத்தூர் டேம்ல ஒரு பரிசல வாங்கி விட்டாப் பத்தாதா அப்பு? பொழுது சாஞ்சா வீட்டுக்கு வந்து சோறு திங்கலாம்ல" என்றார் பெரியப்பா மகன். எனக்கும் அதே கருத்துதான். அவர் சொல்லிவிட்டதால் உன் பக்கம் பேச வேண்டியதாயிற்று.

முப்பத்துமூன்று ஆண்டுகள் கல்லூரியில் புவியியல் கற்பித்தவள் நான். பசிபிக் தீவுகளைக் கரும்பலகையில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டியிருக்கிறேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நீ ஒவ்வொரு புள்ளியாகப் போய் இறங்கினாய். போவதற்கு முன்னால் அந்தந்த நாட்டு விதிகளை அச்செடுத்து எனக்கு ஒரு படி அனுப்புவாய். எந்தத் துறைமுகத்தில் முதலில் பதிவு செய்ய வேண்டும், எந்த விதையைக் கொண்டுபோகக்கூடாது, எந்த ஊரில் தொப்பி அணிந்து நடக்கக்கூடாது, எங்கே ஞாயிற்றுக்கிழமை நீந்தக்கூடாது, எல்லாம். "இன்னொருத்தர் வீட்டுக்குள்ள போறோம்க்கா. கொல்லப்பக்கமா நொழையலாமா?" என்பாய். நான் போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயைக்கூடப் படிவத்தில் எழுதிக் கொடுத்தவன் நீ. சோதனை அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, இதில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். அதை எனக்குப் பாராட்டாகச் சொன்னாய்.

அத்தீவுகளின் மரபுகள் இரண்டை நீ பலமுறை விளக்கியிருக்கிறாய். ஓர் ஊரின் கரையில் நங்கூரமிட்டவன், மற்ற எதற்கும் முன்னால், காவா என்னும் செடியின் காய்ந்த வேரைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய், ஊர்ப் பெரியவர் எதிரில் தரையில் அமர்ந்து வைக்க வேண்டும். அவர் அதை எடுத்துக்கொண்டால் வந்தவன் அந்த ஊரின் விருந்தாளி. "வெள்ளக்காரன் காலை மடக்கி ஒக்கார முடியாம முழிபிதுங்கிப் போறான். நான் பந்தியில ஒக்காந்த மாதிரி சம்மணம் போட்டுட்டேன்ல" என்று சிரித்தாய். மற்றது, மூடிய கடல். ஊரில் பெரிய சாவு விழுந்தால், கடலின் ஒரு பகுதியை நூறு நாள் மூடிவிடுவார்கள். பவளப்பாறைகளுக்கு நடுவே படகு நுழையும் வழியில் கம்பு நட்டு ஓலை கட்டியிருக்கும். அதற்குள் எவரும் வலை வீச மாட்டார்கள். வெளிப் படகு வரக்கூடாது. "நம்ம ஊர்ல சாவு வீட்டுக்காரவுக கோயிலுக்குப் போறதில்ல. அங்க கடலே தீட்டுக் காக்குதுக்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் வந்தது. எனக்குக் காலை ஆறு மணி. உனக்கு நண்பகல் கடந்துவிட்டது. செயற்கைக்கோள் வழியாக ஒன்றிரண்டு வரிகள் மட்டுமே அனுப்பக்கூடிய அந்தச் சிறு கருவியிலிருந்து உன் செய்தி வந்தது. பவளப்பாறை கீறிய கால் சீழ் பிடித்துவிட்டது. மூன்று நாளாகக் காய்ச்சல். மாத்திரை தீர்ந்தது. நஞ்சு ஏறும் சிவப்புக் கோடு முழங்காலைத் தாண்டிவிட்டது. படகில் நீ ஒருவன்தான்.

உன் பதிவுத் துறைமுகம் எதிர்க்காற்றில் இரண்டரை நாள் தொலைவில் இருந்தது. அதே நாட்டைச் சேர்ந்த ஒரு சிறு தீவு நான்கு மணி நேரத்தில் இருந்தது. அங்கே ஒரு மருந்தகமும் ஒரு செவிலியும் இருப்பதாக உன் வரைபடம் சொன்னது. ஆனால் துறைமுகத்தில் பதிவு செய்யும் முன் வேறெங்கும் கரை இறங்கக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

உயிருக்கு ஆபத்து என்று வானொலியில் அறிவித்துவிட்டுத் தீவுக்குப் போ என்று எழுதினேன். நீ பதில் எழுதினாய்: "அது சாகப்போறவன் சொல்ற சொல்லு. எனக்குக் காச்சல்தான். ஆபீசுல கேளு. குடுத்தா தீவு, இல்லன்னா துறைமுகம். வெயில் சாயறதுக்குள்ள சொல்லு. சாஞ்சா பாறை தெரியாது."

மூத்தவள் என்ற முறையில் இரண்டு முறை அதட்டினேன். அதட்டலுக்கு அந்தக் கருவியில் ஓசை இல்லை. பதிவுத் துறைமுக அலுவலகத்தின் எண் நீ அனுப்பியிருந்த தாள்களில் இருந்தது. அழைத்தேன். ஏழாவது முறை ஒரு பெண் எடுத்தாள். பேசினேன். பிறகு உனக்கு எழுதினேன்: "அனுமதி கிடைத்துவிட்டது. தீவுக்குப் போ."

மூன்றரை மணி நேரம் கழித்து மீண்டும் எழுதினாய். "நொழையிற எடத்துல கம்பு நட்டு ஓலை கட்டியிருக்கு. மூடுன கடல் மாதிரித் தெரியுது. அனுமதி நிச்சயந்தானா?"

"நிச்சயம். உள்ளே போ" என்று எழுதினேன்.

அதன்பின் கணினித் திரையில் உன் புள்ளி அந்தத் தீவின் ஓரத்தில் நின்றுவிட்டது. படகு நிற்கிறதா, நீ இருக்கிறாயா என்று புள்ளி சொல்லாது. உலகத்தின் காற்றுகளையும் நீரோட்டங்களையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நான், அன்று பகல் முழுவதும் செய்த ஒரே காரியம் கீரை ஆய்ந்தது. ஆய்ந்து முடித்ததைக் கொட்டி மறுபடியும் ஆய்ந்தேன். பாண்டியம்மாள் அருகில் வந்து நின்று பார்த்துவிட்டு, "அதுல இனிமே காம்பும் இல்ல, எலையும் இல்லம்மா" என்றாள்.

நீ பிழைத்தாய். படகை விற்றுவிட்டு, இடது காலைச் சற்று இழுத்து நடந்தபடி இந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தாய். சொல்ல உன்னிடம் எத்தனையோ தீவுகள் இருந்தன. நீ சொன்னது அந்த ஒன்றைப் பற்றித்தான். சிறு தோணியில் இருவர் வந்தார்கள். நீ காய்ச்சலோடு எழுந்து நின்று, "கவர்மெண்ட் பெர்மிஷனோடதான் வந்திருக்கேன்" என்று முறைப்படி அறிவித்தாய். அவர்கள் உன்னைத் தூக்கிப்போய்ச் செவிலியிடம் விட்டார்கள். ஒன்பது நாள் ஊசி. வேளை தவறாமல் கிழங்கும் தேங்காய்ப்பாலும் வந்தன. ஊர்ப் பெரியவர் நாள்தோறும் வந்து வாசலுக்கு வெளியே அமர்ந்து, நீ இருக்கிறாயா என்று பார்த்துவிட்டுப் போனார். எவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

எழுந்து நடக்க முடிந்த அன்று நீ வேர்க்கட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாய். அவர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். தன் உள்ளங்கையைத் தரையில் ஊன்றி எழுந்து போய்விட்டார். கட்டு வைத்த இடத்திலேயே கிடந்தது. போகும்போது எடுத்துப் போய்விடுங்கள் என்று செவிலி சொன்னாள். பதிவுத் துறைமுகத்துக்குப் போய் அனுமதிக்கு நன்றி சொன்னபோது, அங்கிருந்த பெண்ணும் உன்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

"நான் என்னக்கா தப்புப் பண்ணுனேன்?"

இதைச் சாப்பிடும்போது கேட்டாய். செய்தித்தாளை மடிக்கும்போது கேட்டாய். வேர்க்கட்டை இடது கையால் வைத்துவிட்டோமோ, முறைச்சொல் ஒன்றை விட்டுவிட்டோமோ, காலில் கட்டுப் போட்டிருந்ததால் சரியாக அமரவில்லையோ என்று நீயே காரணம் தேடினாய். "ஒனக்குப் பெர்மிஷன் குடுத்த அந்தப் பொண்ணு வேற ஏதாச்சும் சொல்லுச்சா? நல்லா நெனச்சுப் பாரு" என்பாய். ஒன்றும் சொல்லவில்லை என்பேன். நீ என்னை ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லை. உறவினரிடமெல்லாம் "எங்கக்கா வாயில பொய்யும் வராது, நல்ல வார்த்தையும் வராது" என்று சொல்லித் திரிந்தவன் நீ. இரண்டாவது பாதி உண்மை.

சென்ற டிசம்பரில் உன் நெஞ்சு நின்று நின்று துடித்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையில் ஐந்து நிமிடமும் மாலையில் ஐந்து நிமிடமும்தான் பார்க்க விட்டார்கள். "செருப்பக் கழத்திட்டுப் போங்காத்தா. அஞ்சு நிமிசந்தேன், எனக்குச் சங்கடத்த வச்சிராதீக" என்று காவலாளி ஒவ்வொரு முறையும் சொன்னார். ஆறாவது நிமிடம் ஒன்றைப் பெற எனக்கு வழி தெரியவில்லை. நீயே கடிகாரத்தைப் பார்த்து, "கெளம்புக்கா, நேரமாச்சு" என்றாய்.

கடைசி மாலை நீ பேசியது இதுதான். "அந்த ஊர்ல தப்புப் பண்ணுனவன் நேர்ல போயி, தரையில ஒக்காந்து மன்னிப்புக் கேக்கணும்க்கா. கடுதாசி எழுதுனாச் செல்லாது. அவனால முடியலன்னா அவன் வீட்டு மூத்தவக போகலாம். ஆனா என்ன தப்புன்னு தெரியாம என்னத்தப் போயிக் கேக்குறது?" அப்போது எனக்கு மூன்று நிமிடம் மீதம் இருந்தது. ஒரு நிமிடம் போதும் சொல்வதற்கு. உன் போர்வையைச் சரிசெய்தேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை எனக்கு ஐந்து நிமிடமும் தேவைப்படவில்லை.

மேலே 'பேசினேன்' என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிட்டேன், கவனித்திருப்பாய். உன்னிடம் ஏழு ஆண்டு செய்ததை இந்த மடலிலும் செய்துவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

அந்தப் பெண் அனுமதி தரவில்லை. அவள் ஆங்கிலத்தில் சொன்னது இது: "அந்த ஊரின் கடல் மூடியிருக்கிறது. பெரியவருடைய மகன் கடலில் இறந்து இருபது நாள்தான் ஆகிறது. அதைத் திறக்க எங்கள் அரசுக்கே உரிமை கிடையாது. உங்கள் தம்பி உயிருக்கு ஆபத்து என்று தன் வாயால் சொன்னால் சட்டமும் விடும், அந்த ஊரும் ஏற்கும். சொன்னாரா?" இல்லை என்றேன். "அப்படியானால் சொல்லச் சொல்லுங்கள்" என்றாள். உன்னைச் சொல்லவைக்க என்னால் முடியாது. நம்பவைக்க முடியும். அதைச் செய்தேன். அதனால், அடைக்கலம் கேட்டு நுழைந்திருக்க வேண்டிய நீ, மகனை இழந்தவரின் ஊரில் அரசாங்க அனுமதி பேசிக்கொண்டு நுழைந்தாய். அப்படியும் அவர் உன்னைச் சாக விடவில்லை. விருந்தாளி ஆக்கவும் அவரால் முடியவில்லை. உன்னிடம் தப்பு எதுவும் இல்லை.

மறுபடி அப்படி ஒரு காலை வந்தாலும் அதையேதான் எழுதுவேன். வருந்துவது அதற்காக அல்ல. நீ கேட்டுக்கொண்டே இருந்ததற்காக.

'உள்ளே போ' என்று உனக்கு எழுதிய கையோடு அவளை மீண்டும் அழைத்து, நான் செய்ததைச் சொன்னேன். உன் படகின் பெயரை மறுபடி கேட்டாள். பிறகு, "அவர் ஆபத்து அறிவித்ததாகப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன். அவரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், நேரில் வந்து" என்றாள்.

வருகிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன மூன்றாவது பொய் அது.