புரொப்பேனும் முட்டைக்கோஸ் பீப்பாயும்

செப்டம்பர் 14, ஞாயிறு

மாடிப்படியில் கூட்டம். எங்கள் கட்டடத்தின் எட்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். நிலவறையில் இருக்கும் நிலக்கரி பாய்லரை நிறுத்திவிட்டு முற்றத்தில் ஹீட் பம்ப் வைக்கலாம் என்று பேசினேன். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவரும், உள்ளே ஓடுவது வானத்தைக் கெடுக்கும் ரசாயன வாயு இல்லை, வெறும் புரொப்பேன் என்று விளக்கினேன். நன்றாகத்தான் பேசினேன். யாருக்கும் புரியவில்லை.

புரொப்பேன் என்ற சொல் மட்டும் கீழ்வீட்டு மிலாதினுக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா தேசாங்கா, அது சிலிண்டர்ல வர்ற காஸ்தானே? அதை என் படுக்கையறை ஜன்னல் பக்கத்துல கொண்டுவந்து வைக்கணுமா?"

"அரை சிலிண்டர்கூட இல்லண்ணே."

"அரை குண்டு அரை வீட்டைத்தான் இடிக்கும். மிச்ச அரையில யாரு குடியிருக்கப்போறா, நீயா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் புருஷன் ரதோஷும் சிரித்தான். துரோகி.

கடைசியில் ஒரு குளிர்காலம் மட்டும் பார்க்கலாம், புத்தாண்டுக்கு முன் ஓட்டெடுப்பு என்று முடிந்தது. அதுவரை பழைய பாய்லர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வானம், பூமி, ஐரோப்பா எல்லாவற்றையும் பேசினேனே, உண்மையான காரணத்தை ஏன் சொல்லவில்லை? அந்த பாய்லர் புகை படிக்கட்டு வழியாக எங்கள் வீட்டுக்குத்தான் ஏறுகிறது. ரதோஷின் நுரையீரல் அதைத் தாங்குவதில்லை. போன பிப்ரவரியில் மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். இன்னொரு குளிர்காலம் அப்படி வந்தால் அவன் திரும்பி வரமாட்டானோ என்று பயமாக இருக்கிறது. பிறர் முன்னால் இதைச் சொன்னால் கையேந்துவது போலாகிவிடும். அவ்வளவு கர்வம் எனக்கு. பார்க்கப்போனால் நான் ஒரு குளிர்பெட்டி மெக்கானிக்.

செப்டம்பர் 17

மிலாதினின் பயத்தை அறிவியலால் தெளிவிக்கப் போனேன். அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். "இதுக்குள்ள இருக்கிறது ஐசோபியூட்டேன். புரொப்பேனுக்குப் பங்காளி. நீங்க பத்து வருஷமா இதுகூடத்தான் குடித்தனம் பண்றீங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை எழுத்தெழுத்தாகப் படித்தார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பால்கனியில் நின்றது. அவர் மனைவி ஸகோர்க்கா மழையில் நனைந்தபடி தயிர் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், "உனக்குப் புண்ணியமா போகும்டி," என்றாள்.

ரதோஷ்: "விடாதே தேசா. இன்னும் ஆறு வீடு பாக்கி இருக்கு, போய் விளக்கிட்டு வா."

அக்டோபர் 11

மிஷின் ஓடுகிறது! சத்தம், பூனை உறுமுகிற அளவுதான். முற்றத்தில் அதற்கு வேறு இடமே இல்லை. நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நிலவறையின் சின்ன ஜன்னல். புரொப்பேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் தண்ணீர் போலப் பள்ளம் தேடி இறங்கும். ஆகவே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். பூச்சும் என் கையால்தான். ஏன் அடைக்கிறேன் என்று கேட்ட மிலாதினிடமும் கனம், பள்ளம் எல்லாம் விளக்கினேன், காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். இந்த வால்யெவோ ஊரிலேயே என்னைப்போல் முன்யோசனை உள்ளவள் கிடையாது என்று தோன்றியது.

நவம்பர் 2

முட்டைக்கோஸ் லாரி வந்தது, குளிர்காலத்துக்குப் புளிக்கவைக்க. தெருவே திருவிழா மாதிரி. எல்லா வீட்டுப் பீப்பாய்களும் நிரம்பி, உப்புநீர் ஊற்றி, கல் வைத்து, நிலவறைக்கு இறங்கின. எங்களுடையதும்தான்.

மேலே ரேடியேட்டர்கள் இதமாக இருக்கின்றன. மிலாதின் படிக்கட்டு ரேடியேட்டரில் கை வைத்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருடியவர் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 16

ரதோஷைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. கண்ணு பட்டுடும்.

நவம்பர் 27

ஐயோ.

ஸகோர்க்கா காலையில் கதவைத் தட்டி, "கீழ வா," என்றாள். நிலவறைக்குப் பாதி இறங்கும்போதே நாற்றம் வந்துவிட்டது. அவள் ஒரு முட்டைக்கோஸைத் தூக்கினாள். இலை கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்த பீப்பாய், அதற்கடுத்தது, எல்லாம் கொழகொழ. குளிரில் மெல்லப் புளிக்க வேண்டியது சூட்டில் அழுகிப்போயிருந்தது.

எப்படி? முற்றத்திலிருந்து பாய்லர் அறைக்குப் போகும் சுடுதண்ணீர்க் குழாய்களை இந்தப் பீப்பாய் அறை வழியாகத்தானே கொண்டுபோனேன், மேலே ஒரு துணிகூடச் சுற்றாமல். குளிர்காற்று வந்துகொண்டிருந்த ஒரே ஜன்னலையும் நானே அடைத்தேன், போட்டோ வேறு! இந்த ஊர்க் கடைக்காரர்களின் கறியையும் பாலையும் கெடாமல் காப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டு நிலவறையையே அடுப்பா மாத்திட்டு நின்னிருக்கேன். புத்தியிருக்காடி உனக்கு? காஸ் எங்கே கசியும், எப்படி இறங்கும்னு ராத்திரி பகலா யோசிச்சியே, உன் பீப்பாய் எங்க இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?

மிலாதின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் போல வாசலில் நின்றார்.

"குண்டு வெடிக்கும்னுதான் பயந்தேன். வெடிச்சிருந்தா நாம செத்திருப்போம், முட்டைக்கோஸாவது பிழைச்சிருக்கும்."

ஓட்டெடுப்பு டிசம்பர் 21. நிலக்கரிக்குச் சொல்லிவைத்துவிடலாம் என்று படிக்கட்டில் யாரோ பேசியது காதில் விழுந்தது.

நவம்பர் 29

குழாய்களுக்கெல்லாம் கனமாக உறை சுற்றினேன். மிஷினுக்கு எட்டாத தெருப்பக்கச் சுவரை உடைத்து வேறு ஜன்னல் வைத்தேன். நிலவறை மறுபடி நடுங்குகிறது, காலி பீப்பாய்களோடு.

சந்தையில் புளித்த முட்டைக்கோஸ் வாங்கி ஒவ்வொரு வாசலிலும் வைத்தேன். மிலாதின் வீட்டுப் பை மட்டும் என் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டது. கடையில் வாங்கியதைத் தின்றார்கள் என்று ஊர் பேசினால் ஸகோர்க்கா எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

மிலாதின் வீட்டில் புனித நிக்கோலா நாள், அவர்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் விழா. இதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, நாமாகத்தான் போக வேண்டும். எனக்குத் தலைவலி என்றேன்.

"போகலைன்னா நாம செத்துட்டோம்னு அர்த்தம், இல்ல அவங்க செத்துட்டாங்கன்னு அர்த்தம்," என்றான் ரதோஷ். "கோட்டைப் போடு."

வீடு நிறைய ஜனம். விரத நாள் என்பதால் மீனும், முட்டைக்கோஸ் இலையில் சோறு சுற்றிய சார்மாவும். வீணானதைக் கொட்டும்போதே கொஞ்சம் தேறிய இலைகளைப் பொறுக்கி வைத்திருந்து செய்திருக்கிறார்கள். என் தட்டில் வைத்ததும் பிரிந்து கஞ்சியாகிவிட்டது.

"நம்ம இஞ்சினியரம்மா உபயம்," என்று மிலாதின் தன் மச்சானுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். அத்தனை பேரும் பார்க்க நான் அதைக் கரண்டியால் அள்ளித் தின்றேன்.

மச்சான் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்துவிட்டு, "அது வெடிக்காதா?" என்று கேட்டார்.

"தெரியாததைப் பேசாதே," என்றார் மிலாதின். "அது காத்தைவிடக் கனம். கசிஞ்சா தண்ணி மாதிரி கீழதான் இறங்கும். அதுக்குத்தான் அந்த ஜன்னலை அடைச்சிருக்கு." கையால் இறக்கியும் காட்டினார். ஒரு வார்த்தை மாறாமல் நான் சொன்னது. எனக்கு மீன் முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

ஆசையோடு நிமிர்ந்து பார்த்தேன். "அப்படிப் பாக்காதே," என்றார். "ஞாயித்துக்கிழமை ஓட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

டிசம்பர் 21, ஞாயிறு

பேச்சு தயாரித்துவைத்திருந்தேன். முதலில் மன்னிப்பு, பிறகு மின்செலவு, பிறகு புதிய ஜன்னல். ஒரு வரைபடம்கூட வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் மிலாதின் எழுந்தார்.

"எனக்கு இந்த மிஷினைப் பிடிக்கல. இன்னிக்கும் பிடிக்கல. இந்தம்மாவை இனிமே பீப்பாய் பக்கமே விடக்கூடாது."

ஆமாம் ஆமாம் என்றார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆனா என் கட்டிலுக்கு நேர் மேலதான் ரதோஷ் கட்டில். எத்தனையோ வருஷமா குளிர்காலம் வந்தா அவன் இருமுறதைக் கேட்டுக்கிட்டேதான் படுத்திருக்கேன். இருமினா தூக்கம் போச்சு. இருமல் நின்னா அதைவிடப் பயம். இருக்கானா போயிட்டானான்னு ஸகோர்க்காவை எழுப்பிக் கேப்பேன்." விரலால் மேலே காட்டினார். "இந்த வருஷம் மேல சத்தமே இல்ல. நான் தூங்குறேன். அவ்வளவுதான்."

கையைத் தூக்கினார்.

ரதோஷ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. ஸகோர்க்காவின் கை எழுந்தது, பிறகு மற்றவர்களுடையதும். எனக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. மூக்கைச் சிந்தக் கைக்குட்டை தேடினேன், கிடைத்தது வரைபடம்தான்.

மிலாதின் எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா, ஒரு கை குறையுதே! உனக்கு மிஷின் வேணுமா, வேண்டாமா?"