அது நடந்துதான் போகும்

அண்ணி,

இன்று காலை எதிர்வீட்டுப் பெண்ணின் கையை நாய்க்குட்டி கடித்துவிட்டது. அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சிவப்புச் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். அவளை ஆட்டோவில் ஏற்றி ஊசிக்கு அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நீங்கள் எங்கள் சேக்காட்டு வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அப்பா உங்களோடு பேசுவதில்லை. பூந்தமல்லியில் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பெண்ணை அண்ணன் தானாகவே தேடிக்கொண்டது அவருக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ண கொண்டார சொல்லு" என்பார். நீங்கள் பக்கத்திலேயே நிற்பீர்கள். சிரிப்பை அடக்க நான்தான் கஷ்டப்படுவேன்.

அப்படி இருந்தவரை ஒரு தெருநாய் கடித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை முடித்து வந்தவர், கெண்டைக்காலில் பல் பதிந்த இடத்தைத் துண்டால் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். காலேஜில் விலங்கியல் படித்தவர் நீங்கள்; எதுவும் கேட்கவில்லை. அவரை எழுப்பிக் குழாயடியில் நிறுத்தி, அவர் கத்தக் கத்தச் சோப்புப் போட்டுக் கழுவினீர்கள். அந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும் என்று எனக்குச் சொல்வதுபோல் அவருக்குச் சொன்னீர்கள்.

மறுநாள் ஊசிக்குக் கிளம்பச் சொன்னால் அப்பா அசையவில்லை. தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். "புண்ணே ஆறிகினு கீது. ஊசி இன்னாத்துக்கு?" என்றார், சுவரைப் பார்த்து.

நீங்கள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தீர்கள்.

"மாமா, உங்க பட்டறையில எவனோ பூந்து, உங்க மிஷின்லயே, உங்க இரும்புலயே அவன் சாமானைச் செஞ்சிகினா?"

"கைய ஒடிப்பேன்."

அவர் உங்களிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வைரஸும் அப்படித்தான் என்றீர்கள். அதற்கென்று மிஷின் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து தன்னைப்போலவே நூறு நூறாகச் செய்யவைக்கும். நாய்க்கடியில் வருவது, நரம்பைப் பிடித்து மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். ஏறி நோய் தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிது. அதற்குள் ஊசி போட்டுக்கொண்டால், அதை எதிர்க்க உடம்பே ஆள் தயார் செய்துவிடும்.

"அது நடந்துதான் போவும் மாமா. நாம பஸ்ல போயிடலாம்."

அப்பா சட்டையைத் தேடினார்.

தினமும் நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள். திரும்பும்போது ஆவடி பஸ் ஸ்டாண்டில் இருவரும் பஜ்ஜி தின்றது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊசி போட்டுக்கொள்கிற மனுஷன் எப்படிக் குண்டாகிறார் என்று அம்மா வியந்துகொண்டிருந்தாள். அதே நாய் கடித்த பின்தெருக் கன்றுக்குட்டி சில வாரம் கழித்து நுரை தள்ளிச் செத்தது. அன்று மாலை அப்பா போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "கண்ணு, தண்ணி குடு" என்றார்.

தொண்ணூறுகளில், வெளிநாட்டு மாடுகளுக்கு வந்த பைத்திய நோயைப் பேப்பரில் படித்துவிட்டு அவரே உங்களைக் கூப்பிட்டார். அது வைரஸ்கூட இல்லை, பிரியான் என்றீர்கள். வெறும் புரதம், மடிய வேண்டிய விதத்தில் மடியாமல் கோணிப்போனது. பக்கத்திலிருக்கும் நல்ல புரதத்தையும் தொட்டுக் கோணவைக்கும். அப்படியே பரவி மூளை ஸ்பாஞ்சுபோல் ஓட்டையாகும். கொதிக்கவைத்தாலும் அழியாது.

"இதுக்கு எந்த பஸ்ல போறது?" என்றார் அப்பா.

"இதுக்கு இன்னும் பஸ் விடல மாமா. மொதல்ல அது ஏன் கோணுதுன்னே எனக்குத் தெரியாது."

அப்பாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. "தெரியாதத தெரியாதுன்னு சொல்லுது பாரு. இது சொல்றத நம்பலாம்" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்பா போய் வெகுகாலமாயிற்று. போன வருடம் நீங்களும் போய்விட்டீர்கள். இப்போதெல்லாம் பயந்துபோனவர் யாராவது எதிரே இருந்தால் நான் நின்றுகொண்டு பேசுவதில்லை. அவர் எதிரே தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். அவர் தொழிலிலிருந்தே ஒரு சொல்லைத் தேடுகிறேன். தெரியாத இடம் வந்தால் தெரியாது என்கிறேன்.

எழுந்திருக்கும்போதுதான் முட்டி வலிக்கிறது, அண்ணி.