விரல் தெளிவாகத் தெரிகிற போன்

ஆனி மாதம், வெள்ளி இரவு

கயலுக்குப் போன் வாங்கியாயிற்று. திங்கட்கிழமை சென்னைக்குக் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். பிறவியிலேயே காது கேளாத என் மகள் எங்களோடு கையால்தான் பேசுவாள். இனி எல்லாம் வீடியோ காலில்தான்.

பழங்காநத்தம் கடையில் ஒரு தம்பி இரண்டு போன்களை எடுத்து வைத்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். "இதுல கேமரா சூப்பரா இருக்கும்ணே. அதுல சார்ஜ் அம்புட்டு நேரம் நிக்கும்."

"விரலை ஆட்டுனா தெளிவாத் தெரியுமா தம்பி?"

விஷயத்தைச் சொன்னதும் இரண்டிலும் வீடியோ கால் போட்டுப் பார்க்கச் சொன்னார். கயல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வாசலில் இருட்டான பக்கம் நின்றாள். நான் உள்ளே என் போனில் பார்த்தேன். முதல் போனில் முகம் பளிச்சென்று இருந்தது, ஆனால் விரல்கள் கலங்கின. மற்றதில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. இதுதான் என்று முடிவு செய்தபோது திரையில் கேட்டாள்: "நான் போனதும் அழுவீங்களாப்பா?"

என் ஒரு கையில் போன் இருந்தது. "குடுங்கண்ணே, நான் பிடிச்சுக்கிறேன்" என்று அந்தத் தம்பி வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் சொன்னேன்: "அழ மாட்டேன். தைரியமாப் போயிட்டு வா."

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். போன் சரியில்லையோ என்று பயந்தேன்.

"போன் நல்லாத்தான் இருக்கு. உங்க கைதான் நடுங்குது" என்று காட்டிவிட்டு, என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்திருந்தால் இருவராலுமே பேச முடியாது.