கரண்டு நல்லா வர்ற நேரம்

தஞ்சாவூர்
7 ஜூலை 2024

அன்புள்ள செம்மொழிக்கு,

நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததை அப்பா சொன்னார். போனில் பேசினால் நமக்குள் எப்படியும் சண்டை வந்துவிடுகிறது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

இன்று திருக்காட்டுப்பள்ளிக்குப் போயிருந்தேன். அப்பாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை என்று தெருவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறது. அப்பா மட்டும் உற்சாகமாக இருக்கிறார். காரணம் நீ விட்டுப்போன மைக்ரோவேவ் அடுப்பு. அகிலாண்டம் காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவதை மத்தியானம் அதில் சூடு பண்ணிச் சாப்பிடுகிறார். தெருவில் ஒவ்வொருவராக அழைத்து வந்து காட்டுகிறார்.

எனக்கு அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பின்பக்கத் தகட்டைப் படித்தேன். அது 120 வோல்ட் அடுப்பு. இங்கே வருவது 230. அதற்காகத்தான் நீ வோல்டேஜைக் குறைக்கும் அந்தக் கனமான பெட்டியை வாங்கி வைத்தாய், தெரியும். ஆனால் ஒரு தம்ளர் பால் சூடானதும் பெட்டியைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. வண்டு மாதிரி உறுமுகிறது. அடுப்பில் உள்ள கடிகாரமும் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறது. "அமெரிக்காக் கடிகாரம், நம்ம ஊருக்கு வந்து சோம்பேறியாயிடுச்சு" என்கிறார் அப்பா.

வேண்டாம் என்றேன். "சின்னவ கடல் தாண்டித் தூக்கிட்டு வந்தது. உனக்குப் புடிக்கலைன்னா நீ திங்காத" என்றார். நீ சொன்னால் கேட்பார். சொல்.

அன்புடன்,
எழில்மொழி


நியூ ஜெர்சி
9 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திறக்கும்போதே தெரியும், நான் செய்ததில் ஒரு குறை இருக்கும் என்று. போன தடவை செருப்பு வழுக்கும் என்றாய். அதற்கு முன்னால் கம்பளி உடம்புக்கு ஆகாது என்றாய்.

அடுப்பில் ஆயிரம் வாட் என்று போட்டிருக்கிறது. பெட்டியும் ஆயிரம் வாட். சென்னையில் கடைக்காரரிடம் கேட்டுத்தான் வாங்கினேன்.

மாசி மாதம் என்ன நடந்தது என்று மறந்துவிட்டாயா? கேஸில் உலையை வைத்துவிட்டு அப்பா வயலுக்குப் போய்விட்டார். கஞ்சி பொங்கி நெருப்பு அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அகிலாண்டம் அக்கா தற்செயலாக அங்கே போயிருக்காவிட்டால்? அதிலிருந்து எனக்கு அந்த அடுப்பங்கரை நினைப்புதான். தஞ்சாவூருக்கு உன்னோடு வரமாட்டேன் என்கிறார். இங்கேயும் வரமாட்டார். நெருப்பே இல்லாத ஒன்று இருந்தால் போதும் என்றுதான் தூக்கி வந்தேன். அதையும் பிடுங்கிவிட்டால் அவர் மறுபடி தீக்குச்சியைத்தான் எடுப்பார்.

செம்மொழி


தஞ்சாவூர்
14 ஜூலை 2024

அன்புள்ள செம்மொழிக்கு,

மாசி மாதத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் ஒரு ஆபத்துக்கு இன்னொரு ஆபத்து மருந்தாகாது என்கிறேன்.

என் பேச்சை நம்ப வேண்டாம். எங்கள் கல்லூரி இயற்பியல் துறை பிரியம்வதாவிடம் கேட்டேன். முன்னால் எழுதியிருக்கும் ஆயிரம் வாட் என்பது சாப்பாட்டுக்குப் போகும் சூடு. அடுப்பு இழுப்பது ஆயிரத்து ஐந்நூறு. அது பின்பக்கத் தகட்டில் இருக்கிறது. உன் பெட்டியால் அவ்வளவு தாங்க முடியாது. இரண்டாவது, அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது முறை திசை மாறுகிறது, இங்கே ஐம்பது. பெட்டி வோல்டேஜை மாற்றும், இதை மாற்றாது. கடிகாரம் சோம்பேறியானது அதனால்தான். அடுப்புக்குள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அதனால்தான் கொதிக்கிறது. 230 வோல்டுக்கென்றே செய்த அடுப்பு இங்கேயே கிடைக்கிறது, அதை வாங்கலாம் என்கிறார் பிரியம்வதா. அப்பாவிடம் சொன்னேன். "ஒன்னு இருக்கும்போது இன்னொன்னு எதுக்கு?" என்றார்.

அதனால் இன்று வரும்போது அந்தப் பெட்டியை என்னோடு எடுத்து வந்துவிட்டேன். அடுப்பின் தட்டைப் பிளக் நம் ஊர்ச் சுவரில் சேராது, அது இல்லாமல் அடுப்பு ஓடாது. "இதைத் தொடாதீங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோபித்துக்கொள். ஆனால் நான் இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எழில்மொழி


நியூ ஜெர்சி
17 ஜூலை 2024

அக்காவுக்கு,

கேட்காமல் எடுத்துப்போய்விட்டாய். நீ எப்போதும் அப்படித்தான். அப்பா புகார் சொல்வார் என்று நினைத்துத்தான் இப்போது கூப்பிட்டேன். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, தெரிந்துகொள். "பெரியவ ஸ்டெபிலைசரைத் தூக்கிட்டுப் போயிட்டா. போகட்டும். வோல்டேஜ் கம்மியா இருந்தாத்தானே அது வேணும்? கரண்டு நல்லா வர்ற நேரத்துல அது எதுக்கு? மோட்டாரோட பழைய பிளக்கு ஒன்னு கெடக்கு, நாளைக்கு அடுப்பு வயர்ல மாட்டிக்கிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் படிப்புக்கும் பிரியம்வதாவின் படிப்புக்கும் அவர் மசிகிற ஆளா?

செம்மொழி


திருக்காட்டுப்பள்ளி
18 ஜூலை 2024

செம்மொழி,

அப்பா உயிரோடு இருக்கிறார். முதலில் அதைப் படித்துக்கொள்.

உன் கடிதத்தைக் காலையில் ஸ்டாஃப் ரூமில் திறந்தேன். "நாளைக்கு" என்ற சொல்லுக்கு மேல் கண் நகரவில்லை. அது இன்று. அவர் நம் வீட்டு டி.வி. ஸ்டெபிலைசரை நினைத்துக்கொண்டிருக்கிறார். வோல்டேஜ் சரியாக இருக்கும்போது அதைக் கழற்றிவிட்டு நேராகப் போடுவது இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் வழக்கம். 120 வோல்ட் அடுப்பை நேராக 230இல் சொருகப் போகிறார்!

போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அகிலாண்டத்தின் போன் அணைந்திருந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பூதலூரில் டிரைவர் இறங்கி நிதானமாக டீ குடித்தார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

வாசலிலேயே கருகல் நாற்றம். வீட்டில் கரண்டு இல்லை. "அப்பா" என்றேன். பதில் இல்லை. அடுப்பங்கரைக்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை, செம்மொழி. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போயிருக்க வேண்டும். போகவில்லை.

கொல்லைப்பக்கமிருந்து குரல் வந்தது. "யாரு, பெரியவளா? ஒன்னும் இல்லம்மா. டமார்னுச்சு, அவ்ளோதான்."

படியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சாய்ந்து விழுந்ததில் முழங்கையில் தோல் கிழிந்திருந்தது. வேறு காயம் இல்லை. அடுப்பின் பின்பக்கம் கரியாகிவிட்டது. "வோல்ட் மீட்டரைப் பாத்துட்டுத்தாம்மா போட்டேன்" என்றார். "இருநூத்தி முப்பது. அருமையான கரண்டு!"

தேவையே இல்லாமல் உனக்கு அத்தனை கணக்கையும் எழுதினேன். அவரிடம் தொடாதீங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டி அங்கேயே இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

எழில்


நியூ ஜெர்சி
18 ஜூலை 2024

அக்கா,

அவர் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். அவர் சொருகப் போகிறேன் என்கிறார், நான் சிரிக்கிறேன். அதையே உனக்கு வேடிக்கையாக எழுதியும் வைத்தேன். நீ படிக்காமல் விட்டிருந்தால்?

பெட்டியைப் பற்றி நீ சொல்லாதே. அது சுமக்க முடியாத அடுப்பைத் தூக்கி வந்தது நான்.

நீ சொன்ன அடுப்பை வாங்கு. அப்பாவிடம் நீயே விளக்கு. நான் குறுக்கே வரமாட்டேன்.

செம்மொழி


தஞ்சாவூர்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள செம்மொழிக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் ஊரிலிருந்தே கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். 230 வோல்ட் அடுப்பு வந்துவிட்டது. அதற்குத் தனி வயர் இழுத்து, பெரிய பிளக் பாயின்ட் வைத்து, கிணற்றடியில் உப்பும் கரியும் போட்டுப் புது எர்த் குழி எடுத்தாயிற்று. ஸ்டெபிலைசர் வேறு, உன் பெட்டி வேறு என்பதை அப்பாவுக்குப் படம் போட்டுச் சொன்னேன். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஆனால் அவர் அடுப்பைத் தொடவில்லை. சூடு பண்ணிச் சாப்பிட்டேன் என்று அவர் உன்னிடம் போனில் சொன்னது பொய். நான் கல்லூரியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் அடுப்புக்குள் ஒரு ஈரம் இருக்காது. ஆறிய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டிருப்பார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். நேற்று கேட்டே விட்டேன்.

"எனக்கு என்ன பயம்? அம்பது வருஷம் மோட்டார் போட்டவன்" என்றார். "நீ நிலைப்படியில நின்னதைக் கொல்லையிலேர்ந்து பாத்தேன். கூப்பிடலாம்னா உடனே குரல் வரலை. உங்கம்மா போனன்னிக்குக்கூட உன் மூஞ்சி அப்படி இல்ல. அதான், நீ இருக்கிற வரைக்கும் வேணாம்னு விட்டுட்டேன். நீ உன் வீட்டுக்குப் போ ஆயி. போனாத்தான் நான் சுடுசோறு திம்பேன்."

அதனால் கிளம்பி வந்துவிட்டேன். தினமும் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஒன்று ஆகிவிட்டது. இந்நேரம் அவர் அடுப்பின் முன்னால் நிற்பார். போன் மேசைமேல்தான் இருக்கிறது. எடுக்கவில்லை. இரண்டு வரிக்கு ஒரு முறை அதைப் பார்க்கிறேன். இங்கிருந்து ஊருக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, எனக்கே இப்படி.

உனக்கு அங்கே இன்னும் விடியவில்லை. தூங்கிக்கொண்டிருப்பாய். இத்தனை வருஷமும் நீ எப்படித் தூங்கினாய் என்று உன்னிடம் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

உன்
அக்கா