படகுக்குப் பிரேக் கிடையாது

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காலையில் கார்த்திகா காரை இறக்கத்தில் விட்டபோது முன்சக்கரத்தில் இரும்பை இரும்பு சுரண்டுகிற சத்தம். போன மாதமே சொன்னேன். "மழைத்தண்ணிப்பா, ரெண்டு தடவை பிரேக் போட்டா போயிடும்" என்றாள். தீவுக்குத் தீவு ஓடும் படகில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வயிறு வளர்த்தவன் நான். எனக்கு மகள் சத்தம் சொல்லித் தருகிறாள்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். கார் என் பெயரில்தான் இருக்கிறது. சாவி அவள் கைப்பையில்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கராச்சர்மாவில் மெக்கானிக் லாரன்ஸின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை; பிறந்தது இந்தத் தீவில்தான். சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவச் சொன்னான். வரப்பு மாதிரி எழும்பி நின்றது. நடுவில் தேய்ந்து மெலிந்துவிட்டது.

"பேடு மட்டும் போட்டா வேஸ்ட் டீச்சர். டிஸ்க்கும் மாத்தணும். ரெண்டு பக்கமும்."

எல்லாம் அவளிடமே சொல்கிறான். நான் ஒருவன் பக்கத்தில் நிற்கிறேன். கார்த்திகாவுக்கு என் முகம் தெரிந்திருக்கும். வரும் வழியில், "அப்பா, எதை வாங்கறதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. எனக்கு ஸ்கூல்ல பரீட்சை வேலை" என்றாள். அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போலத்தான். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மூன்று நாளாக இதே வேலை. போனில் படித்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடில் கெட்டி ரகம் உண்டு, மிருதுவான ரகம் உண்டு. கெட்டி ரகம் நாள்பட உழைக்கும், ஆனால் டிஸ்க்கைத் தின்னும். இங்கே மேடு பள்ளம் அதிகம், கார்த்திகா பிரேக்கில் கால் வைத்தபடியே ஓட்டுகிறாள். நடுத்தர ரகம் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

டிஸ்க்தான் சிக்கல். வெறும் இரும்பு டிஸ்க் உதிரிபாகக் கடைக்காரரிடம் கையிருப்பில் இருக்கிறது. துருப்பிடிக்காமல் இருக்கச் சாம்பல் நிறப் பூச்சு பூசியதும் உண்டாம். அதற்கு மெயின்லேண்டில் சொல்லி, கப்பலில் வர வேண்டும்.

கடைக்காரர் பெங்காலி. "கோட்டிங்வாலா லேலோ அங்கிள். யஹாங்கா ஹவா நமக்வாலா ஹை" என்றார். பூச்சு போட்டதையே எடுக்க வேண்டுமாம், இங்கே காற்றில் உப்பாம். உப்புக் காற்றைப் பற்றி என்னிடம்!

செப்டம்பர் 8, ஞாயிறு

லாரன்ஸும் பூச்சு டிஸ்க்தான் வேண்டும் என்கிறான். அதுவும் கார்த்திகாவிடம் போனில் சொல்லியிருக்கிறான். "லாரன்ஸ் கப்பல் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்றான்பா."

"அப்போ லாரன்ஸையே முடிவு பண்ணச் சொல்லு" என்றேன்.

என் மனைவி விசாலாட்சி அடுப்படியிலிருந்து, "ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

இரண்டு டிஸ்க்கையும் வெறும் இரும்பிலேயே வாங்கிவிட்டேன். கையில் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். பூச்சுக்காக ஒரு மாதம் அந்தத் தேய்ந்த டிஸ்க்கில் அவளை ஓடவிடுவதா? இது நியாயமான காரணம்தான். ஆனால் இந்தக் காரணம் எனக்குத் தோன்றியது வாங்கி வீட்டுக்கு வந்த பிறகு. அதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

மாலையில் லாரன்ஸ் மாட்டி முடித்து அவனே வண்டியை மேட்டிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். பூட்டுவதற்கு முன் புது டிஸ்க்கில் இருந்த எண்ணெயை ஏதோ திரவம் விட்டுத் துணியால் துடைத்ததை ஒர்க்‌ஷாப்பில் பார்த்தேன். "பேடு நல்ல செலக்‌ஷன் சார்" என்றான். டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் விடுமுறை. திங்கள் மீலாது.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டு நாளாக விடாத மழை. வாசலில் குனிந்து சக்கரத்தின் இடுக்கில் பார்த்தேன். டிஸ்க் முழுக்கச் செம்மஞ்சள். துரு! புத்தம் புதுச் சாமான், இரண்டே நாளில்.

கார்த்திகா இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் திட்டமாட்டாள். சிரிப்பாள். லாரன்ஸிடம் சொல்வாள். அவனும் சிரிப்பான்.

செப்டம்பர் 16, திங்கள்

விசாலாட்சியும் கார்த்திகாவும் மதியம் ஒரு வளைகாப்புக்கு நடந்தே போனார்கள். பக்கத்துத் தெருதான். நான் ஜாக்கி வைத்து முன்சக்கரம் இரண்டையும் கழற்றினேன். துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு படகில் செய்வதுபோல் இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, துணியால் இழுத்துத் துடைத்துவிட்டேன். மினுமினுப்பு மட்டும் மிச்சம். உப்புக் காற்றில் வெற்று இரும்பை வெறுமனே விடக்கூடாது. இதை எனக்கு எந்தச் சான்றிதழும் சொல்லித்தரவில்லை.

மூச்சு வாங்கியது. ஆனாலும் கை மறக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

விசாலாட்சிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

செப்டம்பர் 18, புதன்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கார்த்திகா பெரார்கஞ்ச் பள்ளிக்குக் கிளம்பினாள். இறக்கத்தின் அடியில் கோயிலில் விடச் சொல்லி விசாலாட்சியும் ஏறினாள். "இங்கதானே" என்று பெல்ட் போடவில்லை. நான் வாசலில் நின்றேன். இறக்கத்தின் முடிவில் சாலை திரும்பும் இடத்தில் கருங்கல் சுவர். பிரேக் விளக்கு எரிந்தது. எரிந்தபடியே வண்டி போய்க்கொண்டிருந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்கிறாள், பின்பக்கம் கோணியது, சுவரில் மோதியது.

நான் ஓடினேன். என்ன ஓட்டம்! செருப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

கார்த்திகாவுக்கு நெற்றியில் வீக்கம். விசாலாட்சி முன்னால் கையை ஊன்றியிருக்கிறாள். அவள் அழவில்லை. "கோயில் நடை சாத்திருவாங்க" என்று மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

அதற்குள் லாரன்ஸ் வந்துவிட்டிருந்தான். நாங்கள் திரும்பி வந்ததும் எல்லோர் முன்னாலும் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்கில் விரலை வைத்து எடுத்துப் பார்த்தான். விரல் பளபளத்தது. மறைக்கத் தெரியாதவன். அந்த விரலைக் கார்த்திகாவிடம் நீட்டினான்.

"எண்ணெயைத் துடைக்காமலா மாட்டுனீங்க?"

"துடைச்சேன் டீச்சர். நானே ஓட்டிட்டு வந்தேனே. பக்காவா பிடிச்சுச்சு."

"அப்போ இது எங்கிருந்து வந்துச்சு? எங்கம்மா செத்திருப்பாங்க லாரன்ஸ்!"

"துடைச்சேன்" என்றான் மறுபடி. பிறகு குரல் இறங்கி, "துடைச்சேனே…" என்றான். தன் கையையே பார்த்தான்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

பேடு கிரீஸைத் துடைத்துவிடும், வழுக்காது என்றுதானே நினைத்தேன்? மெல்லிய பூச்சுதானே? படகில் எத்தனை இரும்புத் தண்டுக்குத் தடவியிருக்கிறேன்!

படகுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் ரிவர்ஸ் போடுவோம். அவ்வளவு வருஷமும் பிரேக்கே இல்லாத வண்டியில் வேலை பார்த்துவிட்டு, பிரேக்கைப் பற்றி எல்லாம் தெரியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கார்த்திகா டீச்சர்கள் குரூப்பில் எழுதிவிட்டாள். லாரன்ஸ் பெயர் போட்டு, யாரும் அங்கே போகாதீர்கள் என்று. எழுதிவிட்டு என்னிடம் படித்துக் காட்டினாள். "சரியா இருக்காப்பா?"

"எழுத்துப்பிழை இல்லை" என்றேன்.

நானா இப்படிச் சொன்னேன்? நான்தான்.

செப்டம்பர் 26, வியாழன்

விசாலாட்சிக்குத் தலை பின்னிவிட்டேன். கோணலாக வந்தது. "கயிறு முறுக்கறீங்களா?" என்றாள். சாதத்தைப் பிசைந்து கொடுத்தேன். இடக்கையால் சாப்பிடமாட்டாள், ஸ்பூனும் பிடிக்காது. நான் ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறாள். கண்ணை மூடுவது எனக்கு நல்லதாக இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

கராச்சர்மா பஸ்ஸில் ஏறிப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக.

லாரன்ஸின் ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு ஸ்கூட்டர் நின்றது. நான் நிற்கும்போது ஒருவர் காரோடு வந்து, பிரேக்கில் சத்தம் வருகிறது, பார்க்க முடியுமா என்றார்.

"பிரேக் வேலை எடுக்கறதில்ல சார். அடுத்த தெருவுல கொடுங்க."

அவர் போன பிறகு லாரன்ஸ் என் பக்கம் திரும்பினான். "அம்மாவுக்கு எப்படி இருக்கு சார்? நான் வந்து பார்க்கணும். எந்த முகத்தோட வர்றதுன்னு…"

அவன் எந்த முகத்தோடு வருவதாம். நான் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் பிடித்தேன்.

கோழை. இந்த வார்த்தையை எழுதிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. எனக்குப் பிரமோஷன் கொடுக்காதவர்கள், சான்றிதழ் இல்லை என்று சொன்னவர்கள், பின்னால் வந்து முன்னால் போனவர்கள், எல்லோரையும் இன்று நினைத்துப் பார்த்தேன். யார்மேலாவது கோபம் வந்தால் கொஞ்சம் இலேசாகும் என்று. வரவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

இப்போது துணி துவைப்பது நான்தான். சக்கரம் கழற்றிய அன்று கட்டியிருந்த வேட்டியை மூட்டைக்கு அடியில் திணித்து வைத்திருந்தேன். இன்று எடுத்து, பின்பக்கத்துக் கல்லில் வைத்துத் தேய்த்தேன். சோப்பைக் கரைத்து முடித்தும் கறை அப்படியே இருந்தது.

விசாலாட்சி பின்வாசல் நாற்காலியில் மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் போல.

"கிரீஸ் சோப்புல போகாது. மண்ணெண்ணெய் விடுங்க."

வேட்டியைக் கல்லில் போட்டேன்.

"எப்போ தெரியும்?"

"வளைகாப்பு முடிஞ்சு வந்தப்பவே கிரீஸ் வாடை. ஏதோ சைக்கிளுக்கோ வாசல் கேட்டுக்கோ போட்டீங்கன்னு நினைச்சேன். மறுநாள் அந்தப் பையன் விரலை நீட்டுனப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"நானா தடவுனேன்?"

மாவுக்கட்டைத் தடவினாள். பிறகு, "கை ஒட்டிக்கும்ங்க. அந்தப் பையனுக்கு உடைஞ்சது எப்படி ஒட்டும்?" என்றாள்.

அக்டோபர் 7, திங்கள்

கார்த்திகா பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "டிஸ்க்கில் கிரீஸ் தடவியது நான்" என்றேன். துருவைப் பார்த்ததும், அவமானமாக இருந்ததும், எல்லாம்.

நெற்றியில் அடிபட்ட இடத்தைத் தொட்டுக்கொண்டே கேட்டாள். "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவளுக்குத் தெரியும்."

"அப்போ லாரன்ஸைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நல்லா இருக்குப்பா நம்ம வீடு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வெளியே வந்து போனில் எழுதியதைக் காட்டினாள். 'வயதான என் அப்பா தெரியாமல் செய்த தவறு, லாரன்ஸ் மீது எந்தக் குற்றமும் இல்லை' என்று.

"வயதானங்கறதை எடு" என்றேன். "என் பேரைப் போடு. அழகர்சாமி."

"இப்பவும் பிடிவாதமாப்பா?"

"வயசு தடவலை. நான் தடவினேன்."

எடுத்தாள். பெயரைப் போட்டாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

தனியாகத்தான் போனேன். கார்த்திகா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

லாரன்ஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டான். நான் முடித்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். பக்கத்துக் கடை ரேடியோவில் ஏதோ இந்திப் பாட்டு.

"நான் எத்தனை நாள் தூங்கல தெரியுமா சார்? துடைச்சேனா இல்லையான்னு… ஒரு நட்டை முறுக்கிட்டுப் போயி, திரும்பி வந்து பார்க்கிறேன். மறுபடி வந்து பார்க்கிறேன். என் வீட்டுக்காரி பைத்தியமாங்கறா."

"தெரியும்."

"தெரியாது சார்! தெரிஞ்சிருந்தா அன்னிக்கு இதே இடத்துல நின்னு பரவாயில்லன்னு சொல்லிருப்பீங்களா?"



பிறகு அவன் சொன்னதுதான் இன்னும் குடைகிறது. "அந்தத் துரு ஒண்ணுமே இல்ல சார். பூச்சு டிஸ்க்லயும் பேடு படற இடம் வெறும் இரும்புதான். மழை பெஞ்சா அதுவும் செவக்கும். ரெண்டு தடவை பிரேக் போட்டா போயிடும்."

கார்த்திகா முதலிலேயே சொன்ன அதே வாக்கியம்.

"போங்க சார்" என்றான். "இப்போ போங்க." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

லாரன்ஸ் விசாலாட்சியைப் பார்க்க வந்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். அவளிடம் நிறையப் பேசினான். என்னிடம் ஒரு சொல்: "வர்றேன்."

அக்டோபர் 18, வெள்ளி

கப்பல் வந்துவிட்டது. பூச்சு டிஸ்க், புது பேடு. தேர்ந்தெடுத்தது கார்த்திகா. பேடு மட்டும் நான் முன்பு எடுத்த அதே ரகம். நான் கேட்காமலே.

பின்பக்க அலமாரியில் இருந்த கிரீஸ் டப்பாவைக் காணவில்லை. யார் எடுத்தது என்று கேட்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

கராச்சர்மாவில் சீர் செய்து பூட்டிய வண்டியை லாரன்ஸ் காலையில் கொண்டுவந்தான். கார்த்திகா ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து இறக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. அவன் மறுபடி பிரேக் வேலை எடுக்கிறான். முதல் வண்டி இது.

நான் முன்னாலேயே இறங்கிப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டேன். அவன் வேலையை நம்புகிறேன் என்று வேறெப்படிச் சொல்வது? கருங்கல்லில் அன்று பெயர்ந்த இடம் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது.

வண்டி மேலே நின்றது. கார்த்திகா ஹாரன் அடித்தாள். கையை ஆட்டி விலகச் சொன்னாள். மறுபடி அடித்தாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் விசாலாட்சி மாவுக்கட்டோடு தலையில் அடித்துக்கொள்ள முடியாமல் நின்றாள். நான் நகரவில்லை.

லாரன்ஸ் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி அவளிடம் ஏதோ சொன்னான். வண்டி இறங்க ஆரம்பித்தது.

சத்தமே இல்லை. வந்து நின்றது.

கார்த்திகா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே, "வழிய விடுங்கப்பா. ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றாள்.

விட்டேன்.