இடது பக்கம் பாடாத கார் ஸ்டீரியோ

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா முழுசாக நன்றாக இருக்கிறாள், நான் முக்கால்வாசி நன்றாக இருக்கிறேன், மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். மூன்று மாதமாக நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய், அதற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. கார் ஸ்டீரியோவிலிருந்து ஆரம்பிக்கிறேன், என்னடா இது என்று நினைக்காதே, அதில்தான் என் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்தது.

நம் காரில் இருந்த பழைய ஸ்டீரியோ போன மாதம் ஒரு சிடியை விழுங்கிவிட்டு அப்படியே செத்துப்போனது. பென்ஷன்காரன் கைக்கு எட்டுகிற விலையில் வேறொன்று வாங்க வேண்டும், உன் அப்பனைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு விளக்குமாறு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவன், கார் சாமான் விற்கிற தெருவில் ஒரு கடையையும் விடவில்லை. பெரிய திரை வைத்ததைக் காட்டினார்கள், நம் டாஷ்போர்டில் இருக்கும் ஓட்டையோ ஒல்லி, அதை அறுத்து அகலப்படுத்தினால்தான் அது உட்காருமாம், மனசு வரவில்லை. இன்னொன்று பளபளவென்று இருந்தது, ஆனால் சத்தம் கூட்டக் குமிழ் கிடையாது, விரலால் தடவ வேண்டுமாம், ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பானா, அதைத் தடவிக்கொண்டிருப்பானா. கடைசியில் குமிழ் வைத்து, பென் டிரைவ் மட்டும் போடுகிற ஒரு சாதாரண செட்டில் மனசு நின்றது. நான் பேசிய பேரத்தில் கடைக்காரர் ஆளை விட்டால் போதும் என்று கொடுத்துவிட்டார்.

அதை மாட்டிக் கொடுத்தது அந்தக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண், உன்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள், தெருவே அவளை வயரிங் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே எனக்கு இடது பக்கக் கதவு ஸ்பீக்கர் பாடவில்லை என்று பட்டது. மறுநாள் போய்ச் சொன்னேன், அவள் கேட்டுப் பார்த்துவிட்டு ரெண்டும் நல்லாத்தாங்க பாடுது என்றாள். நான் விடவில்லை. செட்டை மாற்றிக் கொடுத்தாள், அப்போதும் பாடவில்லை. இடது ஸ்பீக்கரையே புதிதாகப் போட்டாள், அதுவும் பாடவில்லை. நாலாவது தடவை போனபோது எனக்குத் தலைக்கேறிவிட்டது, வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று பார்க்க, பழைய சாமானைத் துடைத்து என் தலையில் கட்டுகிறாயா, நீயெல்லாம் வேலை தெரிந்தவளா என்று கத்தினேன். முதலாளி வியாபாரம் கெட்டுவிடுமோ என்று பயந்து, டூல்ஸை வெச்சிட்டுக் கிளம்பு, நாளைக்கு வர வேணாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை, நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். இதை உன்னிடம் மறைக்கக்கூடாது.

அவள் கிளம்பவில்லை. இடது கதவு ஸ்பீக்கரைக் கழற்றி, ஒயரை நீளமாக இழுத்து, சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு என் கையில் கொடுத்தாள். ஐயா, இதுல பாட்டு வருதா இல்லையான்னு காதுல வெச்சு நீங்களே சொல்லுங்க என்றாள். நான் இடது காதில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் பாருங்கள், செத்த சாமான் என்று அறிவித்தேன். இப்ப அந்தப் பக்கத்துக் காதுல வைங்க என்றாள். வைத்தேன். பாட்டு கணீரென்று கேட்டது. மறுபடி இடது காது, ஒன்றுமில்லை. சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முதலாளியிடம் தப்பு முழுக்க என்னுடையது என்று அங்கேயே சொல்லி, அவளை வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன், அவரும் சரி என்றார். அவளிடம் மன்னிப்புக் கேட்டதற்கு, அது இருக்கட்டும் ஐயா, மொதல்ல டாக்டர்கிட்ட போங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

டாக்டர் சொன்னார், இடது காது பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது அநேகமாக முழுசாகவே போய்விட்டதாம். பார்சல் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் போனை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையால் புக்கிங் எழுதியவன் நான், வீட்டிலும் எனக்கு அந்தப் பழக்கம்தான். சரியாகக் கேட்காதபோதெல்லாம் போனைத் திட்டினேன், லைனைத் திட்டினேன், எதிரில் பேசுகிறவர்களைத் திட்டினேன்.

டாக்டரிடமிருந்து திரும்பும்போது அம்மா வழக்கம்போல் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள், என் தோளைத் தட்டி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அப்ப நம்ம பொண்ணுக்கு வேலை போயிடுச்சுன்னு நான் இந்த வண்டில வெச்சு அத்தனை தடவ சொன்னது எதுவுமே உங்க காதுல விழலையா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள், மூன்று மாதத்துக்கு முன்னால் அன்றைக்கு நீ என்னைப் போனில் கூப்பிட்டதே உன் வேலை போன செய்தியைச் சொல்லத்தான் என்று, சொல்லிவிட்டு அழுதுகொண்டிருந்தாய் என்று. நானோ, நீ வேண்டாவெறுப்பாகக் கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்து, அப்பனிடம் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா, இஷ்டமில்லை என்றால் கூப்பிடாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்பாவுக்கு என்னை நினைச்சா அவமானம் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். அம்மாவும் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று முடிவுகட்டி, காரில் பேசுவதையே விட்டுவிட்டாள். நான் அதை உம்மென்று வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அவமானம் இருக்கிறது, கண்ணு. அது உன்னால் வந்ததில்லை. பெற்ற பெண் காதோரம் அழுவது தெரியாமல் அவளையே திட்டிப் போனை வைத்தவனுக்கு வேறென்ன இருக்கும். காது கேட்கவில்லை என்பது பாதிதான் காரணம், ஒருவர் பேசாமல் இருந்தால் அது திமிர் என்று உடனே முடிவுகட்டுகிற என் புத்திதான் மீதிப் பாதி. அதற்கு எந்த டாக்டரும் கருவி கொடுக்க மாட்டார். வேலை போனதால் நீ என் கண்ணில் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை தேடுகிறேன் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன்னோடுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அம்மாவை அல்ல, என்னை. அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து ஒருமுறை சொல்லு. அழுகை வந்தால் அழு, நான் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா