வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணீர்

அடியே,

இன்று காலை ஆபீஸ் பியூன் ஒரு ஃபினாயில் டின்னைத் தூக்கிவந்து என் அறை வாசலில் வைத்து மூடியைத் திறந்தார். "சரக்கு நல்லதான்னு பாத்துக்கங்க மேடம்" என்றார். அந்த நெடி மூக்கில் ஏறியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பாவம், "என்ன மேடம், பிரஷரா?" என்று தண்ணீர் எடுக்க ஓடினார். பிரஷரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உன் நினைப்புதான்.

டின்னோடு ஒரு போர்டும் வந்திருக்கிறது. அம்மை கண்ட மாணவி அன்றைக்கே விடுதியைக் காலி செய்ய வேண்டும், அறைத்தோழியும் கூடவே வெளியேற வேண்டும், மறைத்தால் பரீட்சை எழுத முடியாது. கல்லூரி முதல்வரின் உத்தரவு. அதை வாசலில் மாட்ட வேண்டியவள் நான். ஆமாம்டி, சிரிக்காதே. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் இப்போது பாடமும் நடத்துகிறேன், விடுதி வார்டனாகவும் இருக்கிறேன். வார்டன் என்ற பேரைக் கேட்டாலே வாயைக் கோணிக் காட்டுவாயே, அதே வார்டன். ஊரெல்லாம் அம்மை போட்டிருக்கிறது. எங்கள் விடுதியில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. நாமும் அப்படித்தானே சொன்னோம்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் நம் பல்கலைக்கழக விடுதி. மெஸ் அடுப்படிக்கு நேர் மேலே நம் அறை. எம்.எஸ்ஸி. கடைசிப் பரீட்சைக்கு முந்திய பங்குனி. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, ஆனால் சனங்களின் பயம் ஒழியவில்லை. சின்னம்மை என்றாலும் அதே நடுக்கம்தான். கீழ்த்தளத்துப் பெண் ஒருத்திக்குக் கழுத்தில் கொப்புளம் என்று தெரிந்ததும் அவளைப் பெட்டி படுக்கையோடு வெளியே நிறுத்தி, அறை முழுக்க ஃபினாயிலைக் கொட்டி, கதவில் பூட்டுப் போட்டார்கள். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வீட்டிலிருந்து ஆள் வரும்வரை அழுதுகொண்டிருந்தாள். ஒருத்தி கிட்டே போகவில்லை. நாம் இருவரும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் தோளில் இருந்த உன் கை சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் கதவைத் தாழ் போட்டுவிட்டு நீ தாவணியை விலக்கிக் காட்டினாய். நெஞ்சில் நீர் கோத்த முத்துகள்.

"ஏண்டி, இது சின்னம்மைடி!"

"அப்பிடிப் பேர் சொல்லி வையாத. ஆத்தா வந்திருக்கா."

"ஆத்தாவோ அம்மையோ, வார்டனுக்குத் தெரிஞ்சா ஒன்னையும் என்னையும் சேத்துத் தொரத்திருவா."

நீ சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற நீ சிரிக்காதபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே உங்கள் மானாவாரிக் காட்டில் மழை பொய்த்த வருஷங்களிலும் உன்னைப் படிக்க வைத்த அப்பா, உன் தாய்மாமனிடம் ஒரு வாக்கு கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். படிப்பு முடிகிறவரை மாமன் வாய் திறக்கக் கூடாது. முடியாமல் பாதியில் வந்தால் அடுத்த முகூர்த்தத்தில் மாமனோடு கல்யாணம். அம்மை வந்தால் என்ன, ஆனை வந்தால் என்ன, வந்தால் வந்ததுதான். "பஸ் ஏறுனேன்னா அம்புட்டுதான்டி. திரும்ப விட மாட்டாக" என்றாய்.

அப்படித்தான் உன்னை மறைக்க ஆரம்பித்தோம்.

என்ன பயம்டி அது! ஒவ்வொரு நாள் சாயங்காலமும் மேட்ரன் அக்கா ஆஜர் எடுக்க வருவார். மெட்டி சத்தம் வராந்தாவில் கேட்கும்போதே கதவுக்கு ஓடுவேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "குளிச்சிட்டு இருக்காக்கா" என்பேன். ஒருநாள், "ஏம்மா, அவ தண்ணித் தொட்டியிலேயே குடியிருக்காளா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்துவிட்டுக் கதவைச் சாத்தியபின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போர்வைக்குள்ளிருந்து, "போயிட்டாளா?" என்று கேட்டாய்.

என் அப்பா அம்மா இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு. அந்த வீட்டுப் பெண் நான், குடைக்குள் வேப்பங்கொத்தை மறைத்துக்கொண்டு படியேறினேன். சமையல்கார அண்ணன் பார்த்துவிட்டார். "என்னம்மா வேப்பங்கொழுந்து?" என்றார். "வயித்துல பூச்சிண்ணே" என்றேன். அடுத்த வேளை என் தட்டில் பாகற்காய் மலைபோல் விழுந்தது. உன்னிடம் சொன்னபோது, கொப்புளம் வலிக்க வலிக்கச் சிரித்தாய். கீழே கடுகு தாளிக்கிற வாசம் வந்தால் மட்டும் பதறிப்போவாய். ஆத்தாளுக்குத் தாளிப்பு வாசம் ஆகாது என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தச் சொல்வாய். வெளியே அனல், உள்ளே உன் காய்ச்சல், மூடிய ஜன்னல், வேப்பிலைக் கசப்பு. எனக்கோ அதுவரை அம்மை போட்டதே இல்லை. ஒவ்வொரு காலையும் கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்தபிறகுதான் மூச்சு விடுவேன். அது என்னை ஏன் விட்டுவைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு மத்தியானம் காய்ச்சல் உச்சிக்கு ஏறிவிட்டது. எல்லோரும் வகுப்புக்குப் போயிருந்தார்கள். நீ என்னை உன் அம்மா என்று நினைத்துக்கொண்டு, மாட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னாய். கண் திறந்திருந்தது, பார்வை என் மேல் இல்லை. இவள் இங்கேயே செத்துப்போவாள், பூட்டிய அறைக்குள் இவள் செத்தது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் பாதியில் மறந்துபோயிற்று. கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தேன். எப்படி எழுந்தாயோ, வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"எங்கடி போற?"

"வார்டன்கிட்ட சொல்றேன். டாக்டரக் கூப்பிடுவாக."

"சொல்லாத. இதுல நான் பொழச்சுக்கிருவேன். ஊருக்குப் போனாத்தான் பொழைக்க மாட்டேன்."

நான் தாழ்ப்பாளை விட்டேன். உன் நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. நீ தயிர்சாதம் கேட்டாய்.

பிறகு முத்துகள் காய்ந்தன, உதிரத் தொடங்கின. பொட்டல் தாண்டி நிழலுக்கு வந்தாற்போல் இருந்தது எனக்கு. நாலைந்து நாளில் நீ தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வகுப்புக்கே போயிருக்கலாம், ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது. ஆனால் நீ தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசல் தாண்ட மாட்டேன் என்றுவிட்டாய்.

"பாத்ரூம்ல ரெண்டு செம்பு ஊத்திக்கடி, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

"வெளையாடாத. மஞ்சளும் வேப்பெலையும் போட்டு வெயில்ல காயணும். அடுப்புல காச்சுன தண்ணியில ஆத்தா எறங்க மாட்டா."

"மொட்ட மாடியில யாராவது பாத்தா?"

"பாத்துட்டுப் போகட்டும். அவள வழியனுப்பாம நான் போயி பரிச்ச எழுதுனா வெளங்குமா?"

உன் கண்ணில் இருந்ததும் பயம்தான். வார்டனைவிடப் பெரிய ஆளிடம் பயம். வகுப்பு நேரத்தில் வாளியை மாடியில் வைத்துவிட்டு, தண்ணீர் காயட்டும் என்று படிக்கட்டு வளைவில் நின்றுகொண்டிருந்தேன். மேட்ரன் அக்கா மெஸ் வத்தலைக் காயப்போட முறத்தோடு என்னைத் தாண்டி மேலே ஏறினார். நிறுத்த எனக்கு ஒரு பொய்கூட அகப்படவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

வெயிலில் மினுங்குகிற மஞ்சள் தண்ணீர், அதில் மிதக்கிற வேப்பிலை. நம் ஊரில் அது என்னவென்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மேட்ரன் அக்கா முறத்தை இறக்கி வைத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வாளியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேரே வார்டன் அறைக்குப் போனார்.

வார்டன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றார். நீ இந்தக் கோடியிலிருந்து கத்தினாய். "எறங்கிருச்சு மேடம்! காஞ்சு உதுந்துருச்சு மேடம்! பாருங்க மேடம்!" கையை நீட்டி நீட்டிக் காட்டினாய். அவர் பார்க்கவே இல்லை. "ரூல்னா ரூல்தான்" என்றார். காய்ந்து உதிர்ந்தபிறகு அது யாருக்கும் ஒட்டாது என்று எங்கள் கல்லூரி டாக்டரம்மா இப்போது சொல்கிறார். ஒட்டுகிற நாளெல்லாம் நீ உள்ளே இருந்தாய், ஒட்டாத நாளில் வெளியே தள்ளினார்கள். தலைக்கு ஊற்றக்கூட விடவில்லை. அந்த வாளித் தண்ணீரைத் துப்புரவு வேலைக்கு வருகிறவர் சாக்கடையில் கொட்டினார். நீ பார்த்துக்கொண்டே நின்றாய். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லையடி.

உன் அப்பா வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து உன் தலையில் போட்டு மூடினார், வெயில் படக்கூடாது என்று. திட்டவில்லை. "கெளம்புத்தா" என்று மட்டும் சொன்னார். நீ கேட்டைத் தாண்டும்போது திரும்பி, "பரிச்சைக்கு வாரேன்டி" என்றாய். அத்தனை உறுதியாகச் சொன்னாய். நான் நம்பினேன். என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி நான் திரும்பிவிட்டேன். அதே மாதிரி நீயும் வாங்கியிருக்கலாம், வாங்கித்தர உனக்கு ஆள் இல்லை. பரீட்சை ஹாலில் எனக்கு அடுத்த மேசை கடைசி நாள்வரை காலி. மேற்பார்வைக்கு நின்றவர் அதன் மேல் தன் காப்பி டம்ளரை வைத்தார்.

வைகாசியில் உன் கல்யாணம். முகத்தில் அப்பியிருந்த பவுடருக்குள்ளும் தழும்பு தெரிந்தது. "நல்லா எழுதுனியாடி?" என்று கேட்டாய். பந்தி நன்றாக இருந்தது என்றேன். இரண்டாவது பிரசவத்தில் நீ போய்ச் சேர்ந்ததை, உன் தம்பியைப் பஸ் ஸ்டாண்டில் எதேச்சையாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்குப் போனால் பிழைக்க மாட்டேன் என்று நீ சொன்னது அன்றைக்கு எனக்குப் படிப்பைப் பற்றிய பேச்சாகத்தான் பட்டது.

இன்று அந்தப் போர்டைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு மத்தியானம் மெஸ்ஸுக்குப் போனேன். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல்வரிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என் வேலை என்னாகுமோ, அது வேறு பயம். அதைவிடப் பெரிய பயம், எங்கோ ஒரு தாழ் போட்ட அறைக்குள் ஒருத்தி காய்ச்சலில் மாட்டைக் கட்டச் சொல்லிக்கொண்டிருப்பாளோ என்பது.

"யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றேன். "மேல்மாடியில தனி ரூம் ஒதுக்கித் தாரேன். டாக்டரம்மா தெனமும் வந்து பாப்பாக. பரிச்சையும் அங்கயே உக்காந்து எழுதலாம். அதுக்கு நான் பொறுப்பு. மறைக்க மட்டும் மறைக்காதீங்க."

ஒருத்தியும் அசையவில்லை. என்னை நம்ப அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? வார்டன்கள் எதையாவது சொல்லி உண்மையைப் பிடுங்கப் பார்ப்பார்கள் என்றுதானே நாமும் நினைத்தோம். பிறகு ஜன்னலோரப் பெண் ஒருத்தி, எச்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை மெல்லத் தூக்கினாள். "எங்க ரூம்ல மேடம்..." என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்புறம் பின்வரிசையில் ஒரு கை. தண்ணீர்ப் பானைப் பக்கம் ஒரு கை. இத்தனை பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், ஒருத்திக்கு மூச்சு முட்டினால் யாரிடம் ஓடுவேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இப்போதும் அடித்துக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் நான் பார்த்தது தூக்கிய கைகளை இல்லையடி. கை தூக்காமல், தலை நிமிராமல், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்த பிள்ளைகளைத்தான் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களில் நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.